கையில் ஒரு பிரஷர், காலில் ஒரு பிரஷர்: பெரியவர்களுக்கு வரும் பெருந்தமனிக் குறுக்கம்

என் அக்கா மகனுக்கு 29 வயதில் ஹை ப்ளட் என்றார்கள். வீட்டில் யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிரஷரும் சுகரும் வீட்டுச் சொத்து போலக் கைமாறி வருபவை. தாத்தாவுக்கு இருந்தது, பெரியம்மாவுக்கு இருக்கிறது, இப்போது இவனுக்கும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். "உப்பைக் குறை, ஊறுகாயை விடு" என்று புத்தி சொன்னதோடு சரி. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, நான்கு வருஷம் ஓடியது. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவன். இதயத்தின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். எனக்கும் சந்தேகம் வரவில்லை என்பது இன்னும் மனதை அரிக்கிறது.

கண்டுபிடித்தவர் ஓர் இளம் டாக்டர். முதுகுவலி என்று போனவனைப் படுக்கவைத்து, ஒரு கையால் அவன் மணிக்கட்டையும் மறு கையால் தொடை இடுக்கையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டில் நாடி துள்ளியது. இடுக்கில் அது மெலிந்து, ஒரு கணம் பிந்தி வந்தது. பிறகு காலிலும் பிரஷர் எடுத்தார். மேல் எண் கையில் 168, காலில் 112.

அன்றிலிருந்து உறவுக்காரர்கள் போனில் ஆளுக்கொன்று சொன்னார்கள். இதயத்தில் ஓட்டை என்றார் ஒருவர். கொழுப்பு அடைத்துக்கொண்டது, பூண்டு சாப்பிட்டால் கரையும் என்றார் இன்னொருவர். ஸ்டென்ட் வைத்துவிட்டால் அதோடு முடிந்தது என்றார் மூன்றாமவர். மூன்றும் தவறு. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

## எந்தக் குழாய், எந்த இடம்

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தலைக்குழாய்தான் பெருந்தமனி. டாக்டர்கள் அயோர்ட்டா என்பார்கள். தாத்தாவின் கைத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத்திலிருந்து மேலே கிளம்பி, கைப்பிடி போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. அந்த வளைவிலேயே மூன்று கிளைகள் பிரிகின்றன. முதல் கிளை வலது கைக்கும் தலையின் வலது பக்கத்துக்கும் போகிறது. இரண்டாவது தலையின் இடது பக்கத்துக்கு. மூன்றாவது இடது கைக்கு.

மூன்றாவது கிளை பிரிந்தவுடன், வளைவு முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில், சிலருக்குப் பிறவியிலேயே குழாய் சிறுத்திருக்கும். இதுதான் பெருந்தமனிக் குறுக்கம். மருத்துவமனைக் காகிதத்தில் கோஆர்க்டேஷன் என்று எழுதியிருப்பார்கள். பிறக்கும் 10,000 குழந்தைகளில் மூன்று, நான்கு பேருக்கு இருக்கலாம். பெண்களைவிட ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

இடம்தான் இங்கே முக்கியம். தலையும் கைகளும் குறுக்கத்துக்கு முன்னால் ரத்தம் வாங்கிவிடுகின்றன. வயிறு, சிறுநீரகம், கால் எல்லாம் குறுக்கத்துக்குப் பின்னால் காத்திருக்கின்றன.

## மேல் வீடும் கீழ் வீடும்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே எங்கள் ஊரான டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் டாங்கருக்குப் பின்னால் வாளியோடு நின்றவர்கள் நாங்கள். தண்ணீர் குழாயில் எப்படி வருகிறது என்ற கவலை எங்களுக்குப் புதிதில்லை. அதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பம்ப், அதிலிருந்து ஒரே குழாய், அதன் வழியில் வரிசையாக வீடுகள். நடுவில் யாரோ குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டார்கள். கிளாம்புக்கு முந்தைய வீடுகளில் டாப்பைத் திறந்தால் தண்ணீர் பீறிடும், வாஷர் தேயும், இணைப்புகள் கசியும். பிந்தைய வீடுகளில் நூல் போல வரும்.

அந்தப் பின்வீடுகளில் ஒருவர் ஓயாமல் பம்ப் நிலையத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார்: "தண்ணீர் போதவில்லை, அழுத்தத்தைக் கூட்டுங்கள்." அவருக்குக் கிளாம்ப் தெரியாது. பம்ப்காரரும் கூட்டிவிடுகிறார். பின்வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. முன்வீட்டில் குழாய் வெடிக்கப் பார்க்கிறது.

உடம்பில் போன் போடும் அந்த ஆள் சிறுநீரகம். தனக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற ஒரு பொருளைச் சுரக்கும். ரெனின் கிளப்பிவிடும் வேலைகளால் ரத்தக்குழாய்கள் இறுகும், உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், பிரஷர் ஏறும். சிறுநீரகத்தின் மேல் தப்பில்லை. தன் வாசலில் என்ன வருகிறதோ அதைத்தான் அது அறியும். இதனால்தான் இந்த நோயில் பிரஷர் மாத்திரைகள் தனியாகப் போராடித் தோற்கின்றன. அதிகமாகக் கொடுத்து மேலே சரியாக்கினால், கீழே சிறுநீரகத்துக்குப் போதாமல் போகவும் வாய்ப்புண்டு. மாத்திரையை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்று இந்த நோயில் அழுத்திச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: குறுக்கத்துக்கு மேலே அழுத்தம் கூடுதல், கீழே குறைவு. ரத்தம் கேட்டுச் சிறுநீரகம் குரல் கொடுக்க, மேலே இன்னும் ஏறுகிறது.

## பிறவியிலேயே இருந்தால் இத்தனை வருஷம் எப்படித் தெரியாமல் போனது?

எங்கள் அக்கா கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி.

குறுக்கம் மிகக் கடுமையாக இருந்தால் பிறந்த சில நாட்களிலேயே குழந்தை துவண்டுவிடும், அப்போதே தெரிந்துவிடும். நடுத்தரமாக இருந்தால் உடம்பு மாற்றுவழி தேடும். என்-2 சாலையில் விபத்து நடந்து வண்டிகள் நின்றுபோனால் டோங்காட் ஆட்கள் என்ன செய்வோம்? ஆர்-102இல் இறங்கி வெருலம் வழியாகப் போவோம். ஊர்ச் சாலைதான், ஆனாலும் டர்பன் போய்ச் சேர்ந்துவிடலாம். தினமும் அதே வழியில் ஆயிரக்கணக்கான வண்டிகள் போனால் அந்தச் சாலையை அகலப்படுத்தத்தானே வேண்டியிருக்கும்?

உடம்பிலும் அதேதான். தோள், நெஞ்சுச் சுவர், விலா எலும்புகளின் அடிப்புறம் ஆகிய இடங்களில் ஓடும் சின்னத் தமனிகள் வருஷக்கணக்கில் பருத்து, குறுக்கத்தைச் சுற்றிக்கொண்டு ரத்தத்தைக் கீழே சேர்க்கின்றன. இவற்றைப் பக்கவழிக் குழாய்கள் என்று சொல்லலாம். விலாவின் அடியில் ஓடுபவை பருத்துத் துடித்துத் துடித்து எலும்பையே அரித்துப் பள்ளம் போட்டுவிடும். பெரியவர்களின் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் அந்தப் பள்ளங்கள் தெரியும், தேடத் தெரிந்த கண்ணுக்கு.

பக்கவழி நன்றாக இருப்பதால் ஆள் நடமாடுகிறார், வேலைக்குப் போகிறார், கல்யாணம் செய்துகொள்கிறார். அறிகுறிகள் இருந்தாலும் வேறு பெயரில் போய்விடுகின்றன. தலைவலி என்றால் வெயில். மூக்கில் ரத்தம் என்றால் சூடு. எங்கள் பையனுக்குப் பாதம் எப்போதும் சில்லென்று இருக்கும். தைப்பூசக் காவடியில் தோளில் பாரம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் பாதி வழியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். "விரதம் சரியாக இருக்கவில்லை" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். உழைக்கும் கால் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்?

## இது அடைப்பு இல்லை, யார் குற்றமும் இல்லை

நம்மில் அடைப்பு என்று சொன்னால் இதயத்துக்கே ரத்தம் தரும் சின்னத் தமனிகளில் கொழுப்புப் படிவது. அது வாழ்நாளில் சேர்வது. இந்தக் குறுக்கம் அப்படியல்ல. குழாயின் சுவரே அந்த இடத்தில் உள்நோக்கி மடிந்து தடித்திருக்கிறது. பூண்டு, வெந்தயம், எலுமிச்சை எதுவும் அதைக் கரைக்காது, ஏனென்றால் கரைவதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஏன் அந்த இடத்தில்? கருவில் குழந்தை மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஒரு சிறு இணைப்புக் குழாய் இருக்கும். பிறந்த சில நாளில் அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். அது வந்து சேரும் இடமும் குறுக்கம் வரும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. அந்தச் சுருங்கும் திசு பெருந்தமனிக்குள்ளும் பரவி, அதையும் சேர்த்து இழுத்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கருவில் அந்தப் பகுதி வழியாகப் போதிய ரத்தம் ஓடாததால் அது வளராமல் நின்றது என்பது மற்றொன்று. டர்னர் குறைபாடு என்ற, பெண்களுக்கு மட்டும் வரும் பிறவி நிலையில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

கிரகணத்தில் வெளியே போனதாலோ, கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டதாலோ இது வருவதில்லை. அக்கா பல இரவுகள் அதை நினைத்து அழுதாள். வேறு எந்தத் தாயும் அப்படி அழக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பத்தியைச் சேர்த்தேன்.

## நன்றாகத்தானே இருக்கிறான், விட்டுவிட்டால் என்ன?

மருந்தும் ஆபரேஷனும் எட்டாத காலத்தின் பதிவுகளைத் திரட்டி 1970இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களும் சராசரியாக 35 வயதை ஒட்டி இறந்தார்கள். 46 வயதுக்குள் நான்கில் மூன்று பேர் போய்விட்டார்கள். காரணங்கள் நான்கு: இதயம் களைத்துப்போவது, பெருந்தமனி கிழிவது, மூளையில் ரத்தக்கசிவு, இதயத்தின் உள்சுவரில் கிருமித்தொற்று. பையனின் வயது அப்போது 33. அந்த எண்ணை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று நிலைமை அப்படியில்லை. சிகிச்சை இருக்கிறது. எல்லோருக்கும் உடனே செய்வதுமில்லை. கையில் பிரஷர் அதிகம், குறுக்கத்துக்கு மேலும் கீழும் உள்ள வித்தியாசம் 20 அல்லது அதற்கு மேல் என்று உறுதியானால் செய்ய வேண்டும் என்பது பொதுவான வழிமுறை. முதலில் எக்கோ என்ற இதய ஸ்கேன், அப்புறம் சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்துக் குறுக்கத்தின் வடிவத்தைப் பார்ப்பார்கள். பக்கவழி நன்றாக வளர்ந்தவர்களுக்குக் குறுக்கம் கடுமையாக இருந்தும் கை, கால் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. எவ்வளவு சிறுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

## ஸ்டென்ட்: தொடையிலிருந்து ஒரு பயணம்

இன்று பெரியவர்களுக்கு, குழாயின் வடிவம் இடம்கொடுத்தால், முதலில் யோசிப்பது ஸ்டென்ட்தான். ஸ்டென்ட் என்பது விரியக்கூடிய உலோக வலைக்குழல். ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு வைப்பதும் அதே பெயர்தான், ஆனால் அளவில் ஒட்டுறவே இல்லை. இதயத் தமனி மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம். இங்கே குழாயை ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்கு விரிக்க வேண்டும். இங்கே ரத்தம் அடிக்கும் வேகமும் அதிகம்.

தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக மெல்லிய கம்பியை மேலே ஏற்றுகிறார்கள். குறுக்கத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ளிருந்தே அழுத்தத்தை அளக்கிறார்கள். சாயம் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். பிறகு சுருங்கிய பலூனின் மேல் போர்த்திய ஸ்டென்டைக் கொண்டுபோய், சரியான இடத்தில் பலூனை ஊதுகிறார்கள். ரத்தம் பலூனைத் தள்ளிவிடாமல் இருக்க, சில இடங்களில் இதயத்தைச் சில நொடிகள் மிக வேகமாகத் துடிக்கவைப்பார்கள். அப்போது வெளியேறும் ரத்தம் குறையும், பலூன் நகராது. பலூனைச் சுருக்கி வெளியே எடுத்தபின் ஸ்டென்ட் அங்கேயே தங்கித் தாங்கி நிற்கும்.

பலூன் மட்டும் போதாதா? 1982இலிருந்தே பலூனால் விரித்திருக்கிறார்கள். ஆனால் பலூன் வேலை செய்வது குழாய்ச் சுவரின் உள்படலத்தைச் சிறிதளவு கிழித்துத்தான். எடுத்தபின் சுவர் மறுபடி சுருங்கலாம், அல்லது கிழிந்த இடம் பிற்காலத்தில் புடைக்கலாம். ஸ்டென்ட் முட்டுக்கொடுப்பதால் இரண்டும் குறைகின்றன. சுவர் நொய்ந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால், துணி போன்ற உறை சுற்றிய ஸ்டென்டை வைப்பார்கள். கிழிசல் விழுந்தாலும் உறை ரத்தத்தை வெளியே விடாது. மிக ஒடுங்கிய குழாயை ஒரே தடவையில் முழுதாக விரிக்காமல், பாதி விரித்துவிட்டு, சில மாதம் கழித்து மீதியைச் செய்வதும் உண்டு. அவசரப்படாத அந்த முறையை நான் மதிக்கிறேன்.

ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. குழாய் கிழிவது, ஸ்டென்ட் நகர்வது, பக்கவாதம், தொடையில் ரத்தக்கசிவு ஆகியவை நடக்கக்கூடியவை. அதனால்தான் இதைப் பெரிய மருத்துவமனையில், தேவைப்பட்டால் உடனே நெஞ்சைத் திறக்கும் அறுவை அணி பக்கத்தில் இருக்கும்போது செய்கிறார்கள். எங்கள் குவாசூலு நட்டால் மாகாணத்தில் அரசு வழியில் போகிறவர்களை இப்படிப்பட்ட சிகிச்சைக்கு டர்பனில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நாமாகப் போய்ச் சேர முடியாது, கீழ்நிலை மருத்துவமனையின் கடிதம் வேண்டும்.

## ஆபரேஷன்: பழைய வழி, இன்றும் வேண்டிய வழி

கேப்டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பார்னார்ட் முதல் இதய மாற்று செய்தது 1967இல். அதற்கு 23 வருஷம் முன்பே, 1944 அக்டோபரில், ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் பெருந்தமனியின் குறுகிய துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் தைத்து இணைத்தார். அடுத்த வருஷமே பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் அதைச் செய்தார். இதயத்தை நிறுத்தி வேலை செய்யும் இயந்திரமே இல்லாத காலம் அது.

இன்றும் குறுக்கம் மிக வளைந்திருந்தால், பக்கத்தில் புடைப்பு இருந்தால், வளைவு முழுவதுமே சிறுத்திருந்தால் ஆபரேஷன்தான். இடது விலாக்களின் இடையே திறந்து, மேலும் கீழும் கவ்வி பிடித்து, வெட்டி இணைப்பார்கள். பெரியவர்களுக்குக் குழாய் விறைத்துப்போயிருப்பதால் முனைகள் எட்டாமல் போகலாம். அப்போது செயற்கைக் குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் வைப்பார்கள். பருத்த பக்கவழிக் குழாய்கள் ரத்தம் கொட்டும். கவ்வி பிடித்த நேரத்தில் முதுகுத்தண்டுக்கு ரத்தம் குறைந்து கால் செயலிழப்பது மிக அபூர்வமாக நடக்கும். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் குரல் கரகரக்கலாம்.

சுருக்கமாக: வடிவம் ஒத்துவந்தால் ஸ்டென்ட், இல்லாவிட்டால் ஆபரேஷன். எது என்று படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சொந்தக்காரருக்கு என்ன செய்தார்கள் என்பது நமக்கு வழிகாட்டாது.

## குழாய் திறந்த பிறகும்

அக்கா மகனுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் காலில் பிரஷர் 130. அக்கா அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கதகதப்பாக இருக்கிறதுடா" என்றாள். ஆனால் மாத்திரை நிற்கவில்லை. மூன்று ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்று இன்றும் தொடர்கிறது.

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கிளாம்பை எடுத்தாயிற்று, ஆனால் முன்வீட்டுக் குழாய்கள் முப்பது வருஷம் அடி வாங்கியவை. தலைக்கும் கைக்கும் போகும் தமனிகள் விறைத்திருக்கின்றன. உடம்பும் அந்த உயர்ந்த அழுத்தத்தையே சரியான அளவாகப் பழகிவைத்திருக்கிறது. எவ்வளவு தாமதமாகச் சிகிச்சை செய்கிறோமோ, அவ்வளவுக்குப் பிரஷர் தங்கிவிடும் வாய்ப்பு கூடும்.

குறுக்கம் பெரும்பாலும் தனியாகவும் வருவதில்லை. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதயத்திலிருந்து பெருந்தமனி கிளம்பும் வாசலில் உள்ள வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இருக்கும், அது பிற்காலத்தில் இறுகவோ கசியவோ செய்யலாம். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூளைத் தமனியில் சிறு புடைப்பு இருக்கும். சிகிச்சை செய்த இடமும் மறுபடி குறுகலாம், புடைக்கலாம். ஆகவே வாழ்நாள் முழுவதும் பிறவி இதயநோய் மருத்துவரிடம் போய்வர வேண்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை சிடி அல்லது எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மூச்சை அடக்கி மிகக் கனமானதைத் தூக்குவதை விட்டு, நடை, நீச்சல் என்று போகலாம். எந்த அளவுக்கு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பம் தரித்தபின் அல்ல, அதற்கு முன்பே போய் இதயத்தையும் பெருந்தமனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறேன் என்பவர்களுக்கும் இது பொருந்தும்.

## கிளினிக்கில் என்ன கேட்பது

இளவயதில் பிரஷர் வந்த எல்லாருக்கும் இது இருக்காது. அபூர்வம்தான். ஆனால் சோதிக்க ஐந்து நிமிஷமும், பிரஷர் பார்க்கச் சுற்றிக் கட்டும் பட்டையான ஒரு கஃபும் போதும். 40 வயதுக்குள் பிரஷர், மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர், நடந்தால் கெண்டைக்கால் வலி, எப்போதும் குளிர்ந்த பாதம் ஆகியவற்றில் எது இருந்தாலும் சிஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "படுத்துக்கொள்கிறேன், காலிலும் ஒரு தடவை பாருங்கள்." சாதாரணமாகப் படுத்த நிலையில் கால் பிரஷர் கைக்குச் சமமாக, அல்லது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். குறைந்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கையில் எடுக்கும்போது வலது கையைக் கொடுங்கள். குறுக்கம் இடது கைத் தமனியின் வாயிலேயே இருந்தால் இடது கையில் பிரஷர் பொய்யாகக் குறைந்து காட்டும். குழந்தையாக இருந்தபோது இடது கைத் தமனியை எடுத்துக் குறுக்கத்துக்கு ஒட்டுப்போட்ட பழைய ஆபரேஷன் நடந்தவர்களுக்கும் அப்படியே. தொடைக்கான பெரிய கஃப் கிளினிக்கில் இல்லை என்றால், கைக்குக் கட்டும் கஃபையே கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டலாம்.